எங்கே வலிக்கிறது?

நுரையீரலின் ஒரு மடலை எடுத்த பிறகு கண் விழிக்கும் நோயாளி விலாவைப் பிடித்துக்கொண்டு முனகுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்போம். கத்தி பட்ட இடம் அதுதான். விலா எலும்புகளுக்கு நடுவே வழி செய்துகொண்டு உள்ளே போயிருக்கிறோம். வடிகுழாய் இன்னும் அங்கேதான் செருகியிருக்கிறது. ஆனால் அவர்களில் பலருடைய கை விலாவுக்குப் போவதில்லை. அறுவை நடந்த அதே பக்கத்துத் தோளைப் பிடித்துக்கொள்கிறது. அங்கே காயம் இல்லை, தையல் இல்லை, வீக்கமும் இல்லை. "வலின்னா இதுதான் வலி" என்கிறார்கள்.

மயக்க மருந்து மருத்துவராக என் உழைப்பில் பெரும்பகுதி மார்பு அறுவை அரங்குகளில் கழிந்திருக்கிறது. சென்னையில் படித்தேன், நியூ ஜெர்சியில் பயிற்சி முடித்தேன், இப்போது குடியிருப்பது பிளெய்ன்ஸ்பரோவில். ரூட் 1 நெடுஞ்சாலையை ஒட்டிய இந்த ஊரில் தமிழ் காதில் விழாமல் ஒரு மாலை நடையை முடிக்க முடியாது. கோடை பிறந்ததும் ஃபாக்ஸ் ரன், ஹன்டர்ஸ் க்ளென் குடியிருப்புகளின் நடைபாதைகளில் ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாக்களைப் பார்க்கலாம். சேலைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் கேன்வாஸ் ஷூ. அவர்களில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் தெரிந்த டாக்டர்களுக்குப் போன் வரும். அப்படி வந்த ஒரு போனில்தான் அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன்.

அறுபத்தைந்தைத் தாண்டியவர். வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் இடது நுரையீரலின் மேல் மடலில் சிறு கட்டி தெரிந்தது. ஆசியப் பெண்களில், புகை பழக்கமே இல்லாதவர்களுக்கும் நுரையீரல் புற்று வருவதை எங்கள் துறையில் அடிக்கடி பார்க்கிறோம். வேறொரு ஊரின் மருத்துவமனையில் அறுவை நடந்தது, நன்றாகவே நடந்தது. மறுநாள் காலை நான் போனபோது அவர் கணவர் வராந்தாவிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "ராத்திரி பூரா உக்காந்தே இருந்தாம்மா. சாயவே முடியலங்கறா."

முதுகில் வலி மருந்து செலுத்தும் எபிட்யூரல் குழாய் இருந்தது. ஒரு பனிக்கட்டியை விலாமேல் வைத்துப் பார்த்தேன்; குளிர்ச்சியே தெரியவில்லை என்றார். அதாவது மருந்து போய்ச் சேரவேண்டிய இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் இரவு முழுக்க அவர் வலிக்குப் பத்துக்கு எட்டு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். எட்டு என்றதும் எபிட்யூரலின் அளவைக் கூட்டினார்கள். பி.பி. இறங்கியது, வலி இறங்கவில்லை. இடது தோள் ஆயிற்றே, இதயமாக இருக்குமோ என்று ஈ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். அது செய்ய வேண்டியதுதான். இரண்டும் சுத்தம்.

"எங்கம்மா வலிக்குது, கையை வச்சுக் காட்டுங்க" என்றேன்.

இடது தோளின் மேல்பக்கம், கழுத்து தோளோடு சேரும் இடத்தில் உள்ளங்கையை வைத்தார். "வாயு பிடிச்சிருக்கு கண்ணு. கோடாலித் தைலம் இருந்தா தேய்ச்சுக்குவேன். இங்க யாரும் தர மாட்டேங்கறாங்க." அவருடைய கையை நானே தூக்கி, மடக்கி, சுழற்றிப் பார்த்தேன். வலி கூடவில்லை. தோள் தசையை அழுத்தியபோதும் கூடவில்லை. "இப்ப ஆழமா ஒரு மூச்சு இழுங்க" என்றதும் பாதி மூச்சிலேயே முகம் சுருங்கிவிட்டது. மேசையில் மூச்சுப் பயிற்சிக் கருவி இருந்தது. உறிஞ்சினால் மேலே ஏறவேண்டிய அதன் மிதவை அன்று அசைந்ததாகவே தெரியவில்லை. நுரையீரல் அறுவைக்குப் பிறகு ஆழமாக மூச்சு விடாதவருக்கு, இருமிச் சளியைத் துப்பாதவருக்கு, நிமோனியா வர அதிக நாள் ஆகாது. தோள் வலியைச் சின்ன வலி என்று ஒதுக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்த வலி பிறக்குமிடம் தோள் அல்ல, உதரவிதானம். கரு உருவாகும் நான்காவது வாரத்தில் உதரவிதானத்தின் முதல் வடிவம் கழுத்துப் பகுதியில் இருக்கிறது. உடல் வளர வளர அது கீழே இறங்கி மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே வந்து நிற்கிறது. இறங்கும்போது தன் நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. அதுதான் ஃபிரெனிக் நரம்பு. கழுத்துத் தண்டுவடத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் வேர்களில் கிளம்பி, கழுத்து வழியாக மார்புக்குள் நுழைந்து, இதய உறையை ஒட்டியபடி நெடுந்தூரம் இறங்கி உதரவிதானத்தைச் சேர்கிறது. உதரவிதானத்தை அசைப்பது மட்டுமல்ல அதன் வேலை. இதய உறை, உதரவிதானத்தின் மேல் படர்ந்திருக்கும் சவ்வு, நுரையீரல்களுக்கு நடுவே உள்ள சவ்வு ஆகியவற்றின் வலிச் செய்தியை மேலே கொண்டுபோவதும் அதுதான். தோளின் மேல்தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்புகளும் இதே மூன்றாம், நான்காம் வேர்களிலிருந்துதான் வருகின்றன. மூளைக்குத் தெருவும் வீட்டு எண்ணும் தெரிவதில்லை, பின்கோடு மட்டும்தான் தெரிகிறது. அந்தப் பின்கோட்டில் வாழ்நாள் முழுக்கச் செய்தி அனுப்பியது தோள் என்பதால், உதரவிதானத்தின் அலறலையும் அது தோளின் கணக்கில் எழுதிவிடுகிறது.

லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுத்துக்கொண்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வயிற்றில் நிரப்பிய கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் அடுத்த ஓரிரு நாட்கள் தோள் வலிக்கும். விபத்தில் மண்ணீரல் கிழிந்தவருக்கு இடது தோளில் வலி வருவதை அறுவை மாணவர்கள் கெர் அறிகுறி என்று படிக்கிறார்கள். பாதை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

எபிட்யூரல் ஏன் தோற்றது என்பதும் இதிலேயே விளங்கிவிடும். முதுகின் நடுவில் செலுத்தும் மருந்து விலா நரம்புகளை மரக்கச் செய்கிறது. கழுத்து வேர்கள் அதற்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன. அளவை எவ்வளவு கூட்டினாலும் மருந்து போவது அதே இடத்துக்குத்தான்.

இந்த விளக்கத்தை ஊகமாக விடாமல் சோதித்துப் பார்த்தவர்களில் லிவர்பூல் மருத்துவர்களுக்கு முக்கிய இடம் உண்டு. இங்கிலாந்தின் லிவர்பூல் இதய, மார்பு மருத்துவ மையத்தில் ஸ்கான் என்பவரும் சகாக்களும் செய்த சோதனை 2001-இல் வெளிவந்தது. எல்லா நோயாளிகளுக்கும் எபிட்யூரல் உண்டு. மார்பை மூடுவதற்கு முன், அறுவை மருத்துவர் உதரவிதானத்தின் அருகே ஃபிரெனிக் நரம்பைச் சுற்றியுள்ள கொழுப்பில் பத்து மில்லிலிட்டர் ஊசி போடுவார். பாதிப் பேருக்கு அது ஒரு சதவீத லிடோகெய்ன், நம்மூரில் லிக்னோகெய்ன் என்போமே, அது. மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். உப்புநீர் பெற்றவர்களில் 85 சதவீதம் பேருக்குத் தோள் வலித்தது. லிடோகெய்ன் பெற்றவர்களில் 33 சதவீதம் பேருக்கு மட்டுமே. மருந்தின் விலை சொற்பம். மார்பு திறந்தே இருக்கிறது, நரம்பு கண்ணெதிரே தெரிகிறது, அதிகம் போனால் ஒரு நிமிட வேலை.

எனக்கு அதைவிடப் பிடித்தது அவர்களுடைய அடுத்த ஆண்டுச் சோதனை. தோள் மூட்டின் உணர்ச்சியில் பெரும்பங்கைச் சுமப்பது தோள்பட்டை எலும்பின் மேல் ஓடும் சுப்ராஸ்கேப்புலர் நரம்பு. பல மணி நேரம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கையைத் தூக்கிக் கட்டிவைக்கிறோமே, மூட்டுதான் நோகிறதோ என்ற சந்தேகம் அதுவரை பலருக்கு இருந்தது. அப்படியானால் அந்த நரம்பை மரக்கச் செய்தால் வலி போக வேண்டும். புப்பிவகெய்ன் போட்டார்கள். உப்புநீர் போட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. தோளின் சொந்த நரம்பையே அடைத்த பிறகும் தோள் வலிக்கிறது என்றால், வலி அங்கே பிறக்கவில்லை. பலனளிக்காத ஒரு மருத்துவம் இவ்வளவு தெளிவாக ஒன்றைச் சொல்லிக்கொடுத்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. பயிற்சி மருத்துவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது 2001-ஐ விட்டாலும் 2002-ஐ விடமாட்டேன்.

ஆனாலும் வேறொரு தோள் நரம்பு ஊசியால் பலன் கிடைத்தது என்று சொன்னவர்களும் உண்டு. கழுத்தின் ஸ்கேலீன் தசைகளுக்கு நடுவே கை நரம்புக் கற்றையை மரக்கச் செய்யப் போடும் ஊசி, அதாவது பிளாக், அது. இந்த முறையை 1970-இல் சிகாகோவின் அலோன் வின்னி விவரித்தார். தோள் அறுவைகளுக்கு இன்றும் இதுதான் முதன்மையான பிளாக். நியூயார்க்கில் வில்லியம் அர்மியும் கூட்டாளிகளும் இந்த பிளாக் போட்டவர்களின் உதரவிதானத்தை அல்ட்ராசவுண்டில் பார்த்து 1991-இல் வெளியிட்டார்கள். ஒருவர் விடாமல் நூற்றுக்கு நூறு பேருக்கு அந்தப் பக்கத்து உதரவிதானம் செயலிழந்திருந்தது. மருந்து பக்கத்திலேயே ஓடும் ஃபிரெனிக் நரம்பையும் சேர்த்து அடைத்துவிடுகிறது. அன்று முதல் தோள் அறுவை மயக்கவியல் நிபுணர்கள் அளவைக் குறைத்தும், ஊசியின் இடத்தை மாற்றியும் அந்தப் பக்கவிளைவிலிருந்து தப்பப் பாடுபடுகிறார்கள். நுரையீரல் நோயாளியின் தோள் வலியை இந்த பிளாக் அடக்கியதற்கு அந்தப் பக்கவிளைவே காரணம் என்பது என் எண்ணம். கை மரத்துத் தொங்குவது நோயாளிக்குத் தேவையில்லாத சுமை. வேண்டியது ஃபிரெனிக் மட்டும்தான் என்றால் அதற்கு மட்டும் போடுவதே நியாயம்.

ஃபிரெனிக் நரம்பைத் தொடும்போதெல்லாம் எனக்குத் தாம்பரம் நினைவுக்கு வரும். சௌரி முத்து என்ற மருத்துவர் 1928-இல் அங்கே காசநோய் சானடோரியம் தொடங்கினார். ரயில் நிலையத்தின் பெயரிலேயே அது நிலைத்துவிட்டது. மாணவியாக அங்கே போனபோது ஒரு முதியவரின் காலர் எலும்புக்கு மேலே விரல்கடை நீளத் தழும்பு இருப்பதை எங்கள் பேராசிரியர் காட்டினார். எக்ஸ்ரேயில் அந்தப் பக்கத்து உதரவிதானம் உயர்ந்தே நின்றது. ஸ்ட்ரெப்டோமைசினுக்கு முந்தைய காலத்தில், புண்ணான நுரையீரலுக்கு ஓய்வு கொடுப்பதற்காக ஃபிரெனிக் நரம்பை இடுக்கியால் நசுக்குவார்கள். ஜெர்மனியில் 1911-இல் எழுந்த யோசனை உலகத்துச் சானடோரியங்களுக்கெல்லாம் பரவியது. மருந்துகள் வந்தன. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடுவது சானடோரியப் படுக்கைக்கு இணையான பலன் தருகிறது என்று 1959-இல் காட்டியது. நசுக்கும் காலம் முடிந்தது. அந்தத் தழும்பை நான் மறக்காததற்குக் காரணம் வரலாறு மட்டுமல்ல. ஒரு பக்கத்து உதரவிதானத்தை நிறுத்திவிடலாம், மனிதன் பிழைத்துக்கொள்வான் என்று அது சொல்கிறது. எந்த மனிதன் பிழைத்துக்கொள்வான் என்ற கேள்வியையும் கூடவே கேட்கிறது.

ஃபிரெனிக் ஊசியில் நான் தயங்குமிடமும் அதுதான். மூச்சை உள்ளிழுக்கும் வேலையில் பெரும்பங்கு உதரவிதானத்துடையது. நல்ல நுரையீரல் உள்ளவருக்கு ஒரு பக்கம் சில மணி நேரம் தூங்கினால் பெரிதாகத் தெரியாது. ஆனால் என் மேசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் புகையால் நுரையீரல் கெட்டவர்கள். அவர்களிடமிருந்து ஒரு மடலையும் எடுத்திருக்கிறோம். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குபவருக்கு, வலியில்லாமல் தூங்கட்டும் என்று உதரவிதானத்தைத் தூங்கவைப்பது உதவி ஆகாது. எதிர்ப் பக்கத்து உதரவிதானம் ஏற்கெனவே பழுதாகியிருந்தால் அந்த ஊசியைப் பற்றிய பேச்சே கூடாது. அதனால் மூச்சுத் திறன் பரிசோதனையின் எண்களைப் பார்த்த பிறகே முடிவு செய்கிறேன். சந்தேகமிருந்தால் அல்ட்ராசவுண்ட் கருவியை விலாவின் கீழ் வைத்து இரண்டு பக்கமும் எவ்வளவு அசைகிறது என்று முன்கூட்டியே பார்த்துவிடுகிறேன்.

போடுவது என்று முடிவானால் என் முதல் விருப்பம் அறுவை மருத்துவர் உள்ளிருந்து போடுவதுதான். மூடத் தொடங்குவதற்கு முன் திரைக்கு மேலே தலையை நீட்டி நினைவூட்டுவேன். கேமரா வழியாகவும் ரோபோவாலும் செய்யும் அறுவைகளில் கூட நீண்ட ஊசியால் இதைச் செய்துவிட முடியும். கழுத்திலிருந்தும் போடலாம். டென்மார்க்கின் ஓடென்சேயில் அல்ட்ராசவுண்ட் உதவியோடு அப்படிப் போட்டுத் தோள் வலியைக் குறைத்ததை 2016-இல் பதிவு செய்தார்கள். முன் ஸ்கேலீன் தசையின் மேல், ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத கறுப்புப் புள்ளியாக நரம்பு தெரியும். கருவியை மேலும் கீழும் நகர்த்தி, அது தசையின் மேல் குறுக்காக ஊர்ந்து போவதைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே மருந்து. அவசரக்காரர்களுக்கு ஏற்ற பிளாக் இல்லை இது.

ஊசி ஒன்றே எல்லாம் என்றும் நான் நினைக்கவில்லை. சிலருக்கு வலி உண்மையிலேயே தசையில்தான். கையை அசைத்தால் கூடும், அழுத்தினால் சுருக்கென்னும். அவர்களுக்கு வேண்டியது மேசையில் கையைச் சரியாக வைப்பது. வடிகுழாயின் நுனி மேலே முட்டிக்கொண்டிருந்தால் கொஞ்சம் இழுத்தாலே ஆறுதல் கிடைக்கும். பாரசிட்டமாலை முன்கூட்டியே கொடுத்தால் தோள் வலி குறைகிறது என்று 2005-இல் ஓர் ஆய்வு காட்டியது. சாதாரண மாத்திரை என்று அதை ஒதுக்க வேண்டியதில்லை. சிறுநீரகம் நன்றாக இருந்தால் கீட்டோரோலாக் நன்றாகக் கேட்கும். கபாபென்டினை மான்ட்ரியலில் சோதித்தார்கள், பலனில்லை. விலாவுக்கோ இப்போது எபிட்யூரல் மட்டும் இல்லை. கனடாவில் ஃபொரேரோ 2016-இல் விவரித்த முதுகுத் தசைத்தள பிளாக் வந்துவிட்டது. அதுவும் தோளுக்கு இந்த வேலையைச் செய்யும் என்று நம்பி உட்கார முடியாது.

ஓபியாய்டைக் கூட்டினால் போதாதா என்று ஒரு காலத்தில் கேட்பார்கள். இப்போது நியூ ஜெர்சியில் அப்படி யாரும் கேட்பதில்லை. புதிய வலிக்கு முதல் சீட்டில் ஐந்து நாளுக்கு மேல் ஓபியாய்டு எழுதக்கூடாது என்று 2017-இல் மாநிலச் சட்டம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே பேட்டர்சன் நகரின் செயின்ட் ஜோசப்ஸ் மருத்துவமனை, ஓபியாய்டு இல்லாமல் வலிக்கு மருத்துவம் பார்க்கும் திட்டத்தை அவசரப் பிரிவில் தொடங்கியிருந்தது. மூச்சு மந்தமானால் ஆபத்து என்ற நிலையில் இருக்கும் நுரையீரல் நோயாளிக்கு, மூச்சை மந்தமாக்கும் மருந்தைக் கூட்டுவது எனக்கு என்றுமே ஒப்பவில்லை.

எங்கள் ஊர் வலிக்குச் செய்த ஒரு பங்களிப்பையும் சொல்ல வேண்டும். பிரின்ஸ்டனின் விதர்ஸ்பூன் தெருவில் இருந்த மருத்துவமனை 2012 மே மாதம் பிளெய்ன்ஸ்பரோவுக்கு இடம் பெயர்ந்தது. அதற்கு முன், பெரிய ஜன்னலும் வெளிச்சமும் குடும்பத்தார் தங்க இடமும் கொண்ட ஒரு மாதிரி அறையைக் கட்டி, உண்மையான நோயாளிகளை அதில் வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் கேட்ட வலி மருந்து 30 சதவீதம் குறைந்தது என்று நியூயார்க் டைம்ஸில் மைக்கேல் கிம்மெல்மன் 2014-இல் எழுதினார். வலி நரம்பில் மட்டும் இல்லை என்று நான் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். பயம் குறைந்தால் வலியின் பிடி தளர்கிறது.

அந்த அம்மாவுக்கு அன்று எபிட்யூரலைப் பழைய அளவுக்கே இறக்கச் சொல்லி அங்கிருந்த மருத்துவரிடம் பேசினேன். கீட்டோரோலாக் கொடுத்தார்கள், வடிகுழாயைச் சற்றே இழுத்தார்கள். மாலைக்குள் சாய்ந்து படுத்தார். கோடாலித் தைலத்தையும் மகன் கொண்டுவந்து கொடுத்தான், நான் தடுக்கவில்லை.

வலிக்கு எண் கேட்பது எங்கள் தொழிலில் பழகிப்போன வழக்கம். பூஜ்யத்திலிருந்து பத்து வரை எவ்வளவு என்று கேட்டு, வரும் எண்ணுக்கு மருந்து கொடுக்கிறோம். எண்ணுக்கு இடம் தெரியாது. என்னிடம் பயிற்சிக்கு வருபவர்கள் 'எங்கே' என்று முதலில் கேட்க வேண்டும், கையை வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும், மூச்சை இழுக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். எண்ணைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

அறுவைக்கு முன்பே நோயாளியிடம் தோளைப் பற்றிச் சொல்லிவிடுவதையும் வழக்கமாக்கிக்கொண்டேன். சில காலம் முன்பு, முப்பது வருடம் பீடி பிடித்த ஒரு பெரியவர் வந்தார். மகள் வீட்டுக்கு வந்து தங்கிவிட்டவர், தஞ்சாவூர்ப் பக்கம். மூச்சுத் திறன் எண்கள் மோசம். ஃபிரெனிக் ஊசி வேண்டாம் என்று முடிவு செய்தேன். "ஐயா, நாளைக்கு வலது தோள் வலிக்கலாம். தோளுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. கீழே உதரவிதானம் உறுத்துறதுதான் அங்க தெரியும். மூணு நாள்ல போயிரும். மாத்திரை நேரம் தவறாம வரும்" என்று சொன்னேன். "சரி டாக்டரம்மா, சொல்லிட்டீங்கல்ல" என்றார். மறுநாள் இரவு வலி வந்தது. எண்ணைக் கேட்ட நர்ஸிடம், மகளை மொழிபெயர்க்கச் சொல்லி, "ஏழு, ஆனா இது தோள் இல்ல, கீழேருந்து வருது, எபிட்யூரலைத் தொட வேண்டாம்" என்று அவரே சொல்லியிருக்கிறார். நர்ஸ் எனக்குப் போன் செய்தார். பாரசிட்டமாலின் அடுத்த வேளை நெருங்கியிருந்தது. உடனே கொடுக்கச் சொன்னேன், தலைப்பக்கத்தை உயர்த்தச் சொன்னேன், ஈ.சி.ஜி. ஒன்று எடுத்து அனுப்பச் சொன்னேன். காலையில் வலி நான்குக்கு வந்திருந்தது. பயிற்சிக் கருவியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மிதவை எதுவரை ஏறினால் வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று கேட்டார்.